புழல் தெரியும், சேப்பாக்கம் தெரியுமா?

(மணலியில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி வழிகாட்டிக் கூட்டம் என்றதும் டாக்டர் படிப்பு, என்ஜினீயர் படிப்பு, சி.ஏ. என்று பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது குற்றவியல் படிப்பைப் பற்றி. குற்றம், காவல், நீதிமன்றம், சிறை, சிறையிலிருந்து வெளியே வந்தவனின் மறுவாழ்வு ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிப்பதைப் பற்றி. தலைப்பைச் சொன்னதும் ஒரு பெரியவர், "ஹஸ்ரத், எங்க பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் பாய், அனுப்பத்தான் சொல்கிறேன். விலங்கோடு அல்ல, சாவியோடு!

நாம் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். 1969-இல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து மணலி என்றால் தொழிற்சாலை, லாரி, ஒப்பந்தக் கூலி என்று ஆகிவிட்டது. ஒரு பக்கம் எண்ணூர், ஒரு பக்கம் திருவொற்றியூர், துறைமுகத்துக்குப் போக வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். மேற்கே மாதவரத்தைத் தாண்டினால் புழல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருந்த மத்திய சிறை 2006-இல் புழலுக்கு வந்தது. பழைய கட்டடத்தை 2009-இல் இடித்துத் தள்ளி, இடத்தை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று மூன்று சிறைகள் நமக்கு அண்டை வீட்டாராகிவிட்டன.

அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு என்று மிம்பரில் ஏறிப் பேசுகிறோம். இந்த அண்டை வீட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? மனு பார்க்கப் போகும் வழி தெரியும். காலையிலேயே போய் வரிசையில் நின்று, பெயரைப் பதிந்து, உள்ளே இருக்கும் பிள்ளையிடம் பேசிவிட்டுத் திரும்பும் தாய்மார்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல், "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். புழலுக்குப் போகும் வழி தெரிந்த இந்தச் சமுதாயத்தில், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள் குற்றவியல் துறை என்று ஒன்று பல்லாண்டுகளாக நடந்துகொண்டிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்க வரவில்லை

மத்திய அரசின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூறு பேரில் எழுபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள், குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லாமல் உள்ளே இருந்தவர்கள். 2019 கணக்கில் விசாரணைக் கைதிகளில் முஸ்லிம்கள் 18.7 சதவீதம், தண்டனைக் கைதிகளில் 16.6 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 14.2 சதவீதம்.

இந்த எண்ணை மேடையில் உரக்கச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எத்தனையோ மேடைகளில் கிடைத்தும் இருக்கிறது. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். அந்த வித்தியாசம் ஏன் வந்தது, வறுமையாலா, வக்கீல் இல்லாததாலா, பாரபட்சத்தாலா, நம் பிள்ளைகள் செய்த தப்பாலா, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நம்மில் ஆள் இல்லை. "எல்லோரும் அப்பாவிகள்" என்று நாம் சொல்வதும் ஆராய்ச்சி அல்ல. "இவர்கள் எல்லோரும் இப்படித்தான்" என்று எதிரே இருப்பவன் சொல்வதும் ஆராய்ச்சி அல்ல.

ஆராய்ச்சி என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1936-இல் தொடங்கப்பட்டது. குற்றவியலையும் சிறைச் சீர்திருத்தத்தையும் ஒரு பாடமாகவே பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இடம். மகாராஷ்டிரச் சிறைகளில் முஸ்லிம்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி எழுந்தபோது, அந்த மாநில சிறுபான்மை ஆணையத்துக்காக அந்த நிறுவனத்தினர் சிறை சிறையாகப் போய் முஸ்லிம் கைதிகளிடம் உட்கார்ந்து பேசி, 2011-இல் அறிக்கை கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குத் தொழில்முறைக் குற்றக் கும்பல்களோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றும், வறுமையும் படிப்பின்மையும் சரியான வக்கீல் இல்லாததும் எப்படி அவர்களை உள்ளேயே வைத்திருக்கின்றன என்றும் அதில் எழுதினார்கள். அதே நிறுவனம் 1990-இலிருந்து 'பிரயாஸ்' என்ற பெயரில் சிறைக்குள்ளும் காவல் நிலையத்திலும் சமூகப் பணியாளர்களை அனுப்பி வேலை செய்கிறது. நாம் போட்ட ஆயிரம் கூட்டத் தீர்மானங்களைவிட அந்த ஓர் அறிக்கைக்கு அரசாங்க அலுவலகத்தில் கனம் அதிகம். அதை எழுதியவர்கள் நம் சமுதாயத்துக்காகப் பரிந்து பேச வந்தவர்கள் அல்ல. படித்த படிப்புக்கு உண்மையாக இருந்தவர்கள். அவ்வளவுதான்.

நமக்குப் புதிது அல்ல

இது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த படிப்பு, நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்கும் சகோதரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மதரஸாவில் ஹிதாயா ஓதிய ஆலிம்கள் இங்கே இருக்கிறார்கள். காழியின் ஒழுங்குகளைப் பற்றிய பாடத்தில் என்ன வருகிறது? புதிதாகப் பதவி ஏற்கும் காழி முந்தைய காழியிடமிருந்து பதிவேடுகளைப் பெற்றுக்கொண்டு, சிறையில் இருப்பவர்களின் நிலையைப் பார்க்க வேண்டும் என்று வருகிறது. எவன் எதற்காக உள்ளே இருக்கிறான், அவன் மேல் வழக்குச் சொல்பவர் யார் என்று தேட வேண்டும். அந்தப் பாடத்தை இபாரத் பிழையில்லாமல் ஓதினோம். அரபு இலக்கணம் பார்த்தோம். புழலில் அது என்ன என்று பார்த்தோமா?

இமாம் அபூயூசுஃப் அவர்கள், ரஹிமஹுல்லாஹ், ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமைக் காழி. கி.பி. 798-இல் காலமானவர்கள். கலீஃபாவுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் வரி, நிலம், நீர்ப்பாசனம் எல்லாம் எழுதிவிட்டு, கைதிகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். சங்கிலியோடு தெருவில் பிச்சை எடுக்கக் கைதிகளை விடாதீர்கள், பொதுக் கருவூலத்திலிருந்து உணவு கொடுங்கள் என்கிறார்கள். கோடைக்கு என்ன துணி, குளிருக்கு என்ன துணி என்றும் சொல்கிறார்கள். அதிலும் ஒரு நுட்பம்: ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக்காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே மாதத்துக்கு இவ்வளவு திர்ஹம் என்று பெயர்ப் பட்டியல் போட்டு, நம்பிக்கையான ஒருவரை வைத்து, கைதியின் கையிலேயே கொடுங்கள் என்கிறார்கள். சிறை நிர்வாகத்தில் ஓட்டை எங்கே இருக்கும் என்று கண்டுபிடித்து அடைக்கும் அறிவு இது! இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் சிறை நிர்வாகம் என்று பாடம் நடத்துகிறார்கள்.

யூசுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை எல்லோரும் ரசித்துக் கேட்கிறோம். குற்றம் செய்யாமல் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். விடுதலையான சிறைத்தோழரிடம் அரசனிடம் என்னைப் பற்றிச் சொல் என்றார்கள், அவர் மறந்துபோனார். வெளியே போனவன் உள்ளே இருப்பவனை மறந்துவிடுவது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது, பாருங்கள். பிறகு அரசன் கூப்பிட்டபோது யூசுஃப் நபி ஓடி வரவில்லை. என் வழக்கை முதலில் விசாரிக்கச் சொல், அந்தப் பெண்களிடம் கேட்கச் சொல் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். விடுதலையைவிட விசாரணையைப் பெரிதாக நினைத்தார்கள்.

ஒரு காகிதத்தை யார் எழுதுகிறார்?

இனி நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

20 வயதுப் பையன் ஒருவன் ஒரு திருட்டு வழக்கில் மாட்டிக்கொள்கிறான். செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். முதல் தப்பு. குற்றம் நிரூபணமாகிவிட்டது. நீதிபதி உடனே சிறைக்கு அனுப்பிவிடலாமா? 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், 21 வயது நிரம்பாதவனை ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றத்துக்காக நேரே சிறைக்கு அனுப்பாதே என்கிறது. நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேள், அவனுடைய குணத்தையும் சூழ்நிலையையும் பார், விடுவிப்பது பொருந்தாது என்றால் மட்டும் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத் தண்டனை கொடு என்கிறது. நன்னடத்தையில் விடப்பட்டவனுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு வாலிபனின் வாழ்க்கையையே திருப்பிவிடும் சட்டம் இது.

அந்த அறிக்கையை எழுதுபவர் யார்? நன்னடத்தை அலுவலர். அவர் வீட்டுக்கு வருவார். அம்மாவிடம் கேட்பார். வேலை பார்த்த கடை முதலாளியிடம் கேட்பார். பள்ளிவாசல் பக்கம் விசாரிப்பார். பயந்துபோன அம்மா கதவுக்குப் பின்னால் நின்று "தெரியாது" என்பாள். கடை முதலாளி, "எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை" என்பார். ஜமாஅத் நிர்வாகி, "அந்தப் பையன் தொழுகைக்கே வரமாட்டான்" என்பார். சட்டம் தெரியாமல் சொன்ன இந்த மூன்று வாக்கியங்கள் காகிதத்தில் ஏறும். குடும்பக் கண்காணிப்பு இல்லை, சமூக ஆதரவு இல்லை என்று அது அர்த்தமாகும். பையன் உள்ளே போவான்.

18 வயதுக்குக் கீழே இருந்தால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அங்கேயும் இரண்டு வாரத்துக்குள் சமூகப் பின்னணி அறிக்கை ஒன்று வர வேண்டும். வாரியத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆயுள் கைதியை முன்கூட்டி விடுதலை செய்வது பற்றிப் பேசுகிறோமே, அந்தக் கோப்பிலும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஒன்று இருக்கும். நீண்டகாலச் சிறைவாசிகளுக்காக நாம் எத்தனை மாநாடு, எத்தனை முற்றுகை நடத்தியிருக்கிறோம்! 2021 டிசம்பரில் நீதிபதி ஆதிநாதன் தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தபோது எவ்வளவு எதிர்பார்த்தோம்! நடத்தியது சரிதான், இனியும் நடத்துவோம். ஆனால் கோப்புக்குள் இருக்கும் அந்தக் காகிதத்தை எழுதத் தெரிந்தவன், படிக்கத் தெரிந்தவன், அதில் குறை கண்டால் எடுத்துச் சொல்லத் தெரிந்தவன் நம் இளைஞர்களில் எத்தனை பேர்?

நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்குச் சாதகமாக எழுதுவார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் அது துரோகம், அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். மணலியின் சந்தை எது, மீனவக் குப்பம் எது, ஒப்பந்தத் தொழிலாளியின் குடித்தனம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் எந்தச் சாதி, எந்த மதப் பையனைப் பற்றி எழுதினாலும் உண்மையை எழுதுவான். அதற்காகச் சொல்கிறேன்.

ஜாமீனும் வட்டிக்கடையும்

1978-இல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். ஜாமீன் கிடைத்தது, ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, தொகையை ஆயிரம் ரூபாயாகக் குறைத்து விடச் சொன்னார். அடுத்த ஆண்டு, 1979-இல், பீகார் சிறைகளில் வருடக்கணக்கில் கிடந்த விசாரணைக் கைதிகளின் வழக்கு வந்தது. அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் உள்ளேயே கழித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் அந்த வழக்கைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். வழக்கின் பெயர் ஹுசைனாரா காத்தூன். அந்தச் சிறைகளில் கிடந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயர். நம் பள்ளிவாசல்களில் இந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

அந்த வழக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ருஸ்தம்ஜி என்ற மூத்த போலீஸ் அதிகாரி சிறைகளைப் போய்ப் பார்த்துப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துவிட்டு கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர் மனுப் போட்டார். ஒருவர் பார்சி, ஒருவர் இந்து. ஹுசைனாராவின் சமுதாயத்தார் அப்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போதைய சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 479-ஆம் பிரிவு இருக்கிறது. முன்பு தண்டனையே பெறாத ஒருவன், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவனைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது, பல வழக்குகள் நிலுவையில் இருப்பவனுக்கும் கிடையாது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் என்ன இருக்கிறது? கணக்கு! தேதி போட்டு, மாதம் எண்ணி, மூன்றால் வகுப்பது. எந்தப் பார்ட்டி எந்தத் தேதியில் எவ்வளவு பாக்கி என்று நோட்டுப் பார்க்காமல் சொல்கிற வியாபாரிகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தெருப் பையன் எத்தனை மாதம் உள்ளே இருக்கிறான் என்று எண்ணத் தெரியாதா? காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. அது தெரியாமல் தாலியை... மன்னிக்கவும், நம் வீடுகளில் கருகமணியை, காதில் கிடப்பதைக் கழற்றி அடகுக் கடையில் வைத்து, வட்டி ஹராம் என்று தெரிந்தும் வட்டி கட்டி வக்கீலுக்குக் கொடுக்கிறார்கள். அப்படி வட்டி கட்டும் வீட்டுக்குப் போய் ஹராம் பயான் செய்ய எனக்கு நாக்கு வரவில்லை.

பாதிக்கப்பட்டவனும் இருக்கிறான்

கைதியைப் பற்றியே பேசுகிறீர்களே, திருட்டுக் கொடுத்தவன் கதி என்ன என்று வியாபாரிகள் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பூட்டை உடைத்து கல்லாவை அள்ளிக்கொண்டு போனவனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சச் சொல்லவில்லை. இந்தப் படிப்பில் பாதிக்கப்பட்டவரைப் பற்றியே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. அதை இந்தியாவில் வளர்த்ததில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் பேராசிரியராக இருந்த சொக்கலிங்கம், பாதிக்கப்பட்டோரியலுக்கென்று இந்திய அளவில் ஒரு சங்கத்தை 1992-இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர். பின்னால் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ 1995-இல் தமிழக அரசு நிதி ஒதுக்கியதும் இந்தச் சிந்தனை வளர்ந்த காலத்தில்தான். கலவரத்தில் கடை எரிந்தவனுக்கு எத்தனை மனு, எந்த அலுவலகம் என்று தெரியாமல் அலைந்த வரலாறு நமக்கு இருக்கிறது. அந்த அறிவும் இதற்குள் இருக்கிறது.

எங்கே படிப்பது, என்ன கிடைக்கும்?

சேப்பாக்கத்தைச் சொல்லிவிட்டேன். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல், குற்றவியல் நீதித் துறை இருக்கிறது. இணையக் குற்றவியல் என்ற புதிய பிரிவுக்கு உலக அளவில் பேர் வாங்கிய பத்திரிகை ஒன்று 2007-இல் அங்கிருந்த ஆசிரியர் ஒருவரால் தொடங்கப்பட்டது. வெளிமாநிலம் போக முடிந்தவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் சாகர் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1959-லேயே இதற்குத் துறை தொடங்கிய இடம். மும்பையைப் பற்றிச் சொன்னேன். வேலூரில் 1979-இல் தொடங்கிய சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அது தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம், வேலையில் சேர்ந்த பிறகு போவது.

எம்.ஏ. குற்றவியல் சேர பி.காம். படித்தவனும் பி.ஏ. வரலாறு படித்தவனும் விண்ணப்பிக்கும் வழி உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுப் பல்கலைக்கழகம், கட்டணம் தனியார் பொறியியல் கல்லூரியின் பக்கத்திலேகூட வராது. 2007-இலிருந்து தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. போராடி வாங்கியது. வாங்கி வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே கல்லூரி, ஒரே பாடத்துக்கு முட்டி மோதுகிறோம்.

பொய் ஆசை காட்ட மாட்டேன். இந்தப் பட்டம் வாங்கினால் மறுநாள் வேலை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பட்டத்துக்கென்றே வைத்த வேலைகள் குறைவு. சிறை அலுவலர், உதவிச் சிறை அலுவலர், நன்னடத்தை அலுவலர் ஆகிய பதவிகளுக்குத் தேர்வாணையத் தேர்வு எழுத வேண்டும். சிறைக் காவலருக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், அதற்குப் பட்டமே தேவையில்லை. உடம்பை வைத்துக்கொள்ளுங்கள், ஓடிப் பழகுங்கள். இரவு இரண்டு மணிவரை டீக்கடை வாசலில் நின்றுவிட்டு சுபுஹைத் தவறவிடுபவனுக்கு எந்தத் தேர்வும் கைகூடாது. வேலை கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்போடு சட்டம் சேர்த்துப் படித்தவன் வேறு ரக வக்கீலாக வருவான். பத்திரிகையில் எழுதுபவனுக்கும் இது உதவும். சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரித்துக் கொடுத்ததை எழுதிய சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில்தான் 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்றது. நம் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

சிறைகளைச் சீர்திருத்த 1980-இல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. நீதிபதி முல்லா குழு என்று பெயர். முல்லா என்றதும் நம் ஆள் என்று சந்தோஷப்படாதீர்கள். ஆனந்த் நாராயண் முல்லா, காஷ்மீரப் பண்டிதர், உருதுவில் கவிதை எழுதியவர். 1983-இல் அறிக்கை கொடுத்தார். அவர் கேட்டதில் எவ்வளவோ இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துத் தமிழில் எழுதினால்கூட ஒரு பெரிய சேவை.

வியாபாரிகளிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுத்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். கண்டனக் கூட்டம் போட்டோம். போட்ட கூட்டத்தின் ஒலிபெருக்கி, பந்தல், போஸ்டர் செலவில் ஒரு பையனின் ஓராண்டு விடுதிச் செலவை முடித்திருக்கலாம். காசை என்னிடமோ சங்கத்திடமோ தரவேண்டாம், பையன் கட்டும் கல்லூரி ரசீதைப் பார்த்து நேரே கட்டுங்கள். இன்னொன்று, தமிழ்நாடு சிறை விதிகளில் அலுவல்சாராப் பார்வையாளர் என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. அரசு நியமிக்கும் பொதுமனிதர்கள் சிறைக்குள் போய் உணவையும் மருந்தையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதலாம். ஹஜ் கமிட்டிக்கும் வக்பு கமிட்டிக்கும் சிபாரிசு தேடி அலையும் பெரியவர்கள், இதற்கும் ஒரு மனு எழுதிப் பாருங்களேன்.

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களுக்கு: புழலில் பெண்கள் சிறை தனியாக இருக்கிறது. தமிழகத்தில் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பெண்ணைச் சோதனை போடவும், கைக்குழந்தையோடு வருபவளைக் கவனிக்கவும், வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கவும் பெண் அலுவலர்தான் வேண்டும். "போலீஸ்காரி மாதிரி வேலை, யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று கேட்பீர்கள். நானும் மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவன், அந்தக் கவலை எனக்குத் தெரியும். கேட்டு வருகிறவன் வரட்டும், வராதவன் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் உண்டு. உங்களுக்கு உண்டா என்பதை வீட்டில் உட்கார்ந்து அத்தாவும் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு வாருங்கள். சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் ஒரிஜினலைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும்.